மாவு போல் சலித்த உரம்

என் சித்தி நகராட்சி உரக்கிடங்கில் வேலை பார்க்கிறார். ஊரில் சேரும் ஈரக் குப்பை முழுவதும் அங்கேதான் வந்து இறங்கும். அழுகிய தக்காளியும் பழத்தோலும் வாடிய கீரையும் ஆளுயரக் குவியலாகும். உள்ளுக்குள்ளேயே சூடேறி, கிளறக் கிளற நிறம் மாறி, கடைசியில் மழை நனைத்த மண்ணைப் போல வாசம் வீசும். முதலில் நானும் நம்பவில்லை. இப்போது யாராவது நம்ப மறுத்தால் சண்டைக்கே போய்விடுகிறேன்.

கிடங்கில் சித்திக்குப் பெயர் ‘சல்லடை’. தெருக்கூட்டும் வேலையிலிருந்து மாற்றி, உரம் சலிக்கும் பிரிவை அவரிடம் கொடுத்திருந்தார்கள். உரத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டிலும் அப்படித்தான். சித்தப்பா தையல்காரர். “ஊசி கீழ விழுந்தா நான் தேட மாட்டேன். உங்க சித்தி போடற சத்தத்துலயே கிடைச்சிடும்” என்பார்.

ஆனால் அந்த உரத்தை வாங்கத்தான் ஆளில்லை. குப்பையிலிருந்து வந்தது என்றாலே முகத்தைச் சுளித்தார்கள். கடைசியாக ஒரு நர்சரிக்காரர், நாற்றுப் பைகளில் போட்டுப் பார்க்கிறேன் என்றார். அவரும் வேண்டாமென்றால் சலிக்கும் பிரிவை மூடிவிட்டு அங்குள்ள பெண்களைப் பழையபடி தெருவுக்கே அனுப்பிவிடுவதாக நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். சம்பளம் இரண்டு வேலைக்கும் ஒன்றுதான். சித்தியின் கவலை வேறு.

“தெருவக் கூட்டினா மறுநாளும் அதே குப்பை. நான் செஞ்சு முடிச்சேன்னு காட்ட எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்” என்றார்.

அதனால் நர்சரிக்குப் போக வேண்டிய உரத்துக்கு, வழக்கமான சல்லடைக்குக் கீழே இன்னொரு பொடிக்கண் சல்லடையையும் கட்டினார். சலித்துச் சலித்துப் பெண்களுக்குத் தோள் கழன்றது.

“ஏண்டி, இது செடிக்கா, இல்ல முகத்துக்குப் பூசவா?” என்றார் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர். சித்தி பெருமையாகச் சிரித்துக்கொண்டார்.

லாரி போனது. சில நாள் கழித்து சூப்பர்வைசர் தொங்கிய முகத்தோடு வந்தார்.

“மூட்டையத் திருப்பி அனுப்பறாராம்.”

“கண்ணாடி இருந்துச்சா?”

“இல்லையாம். ரொம்ப சுத்தமா இருக்காம்.”

“அப்புறம் என்னவாம்?”

“அதான் பிரச்சனையாம்.”

சித்தி அப்படியே கிளம்பி நர்சரிக்குப் போனார். அங்கே பைகளின் மேல் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. நாற்றுகள் மஞ்சளாகித் தலை தொங்கியிருந்தன.

“அக்கா, உங்க உரத்துல சத்து இல்லன்னு சொல்ல மாட்டேன்” என்றார் நர்சரிக்காரர். “தண்ணி ஊத்தினா களிமண்ணு மாதிரி இறுகிடுது. வேர் மூச்சு விட வேண்டாமா?”

சித்தி ஒரு பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் இறங்கவில்லை.

“எல்லாத்தையும் சலிச்சுட்டேன் தம்பி, காத்தையும் சேத்து” என்றார். “இன்னும் ஒரே தடவை குடுக்கறேன். அதுவும் சரியில்லன்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன்.”

பொடிக்கண் சல்லடை கழன்றது. ஆனால் பழைய சல்லடையின் பெரிய கண் வழியாகக் குச்சி, நார், இலைக்காம்போடு கண்ணாடியும் சேர்ந்தே விழும். குச்சி இருக்க வேண்டும், கண்ணாடி இருக்கக் கூடாது. இது சல்லடைக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். தார்ப்பாயில் உரத்தை மெல்லிசாகப் பரப்பி, கையுறை போட்டுக்கொண்டு, எல்லோரும் வெயில் சாயும் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். சாய்ந்த வெயிலில் சில்லு மினுக்கென்று காட்டிக்கொடுத்துவிடும்.

“இத்தன நாளா குச்சியப் பொறுக்கிப் போடுன்னே. இப்ப குச்சிய மட்டும் விட்டுட்டுப் பொறுக்குங்கறே. உனக்குப் பேர மாத்தணும்டி” என்றார் அதே அக்கா.

“தாராளமா மாத்து. உன் பக்கத்துல ஒரு சில்லு தப்பட்டும், உனக்கும் பேரு வைக்கிறேன்.”

இந்த முறை லாரியிலேயே ஏறிப் போனார் சித்தி. சூப்பர்வைசரும் கூட வந்தார். நர்சரிக்காரர் ஒரு பையை நிரப்பி, குவளைத் தண்ணீரை மேலே ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம் நின்றது. சித்தி குனிந்து பார்த்தார். பிறகு தண்ணீர் சர்ரென்று உள்ளே இறங்கி, அடியிலிருந்த துளைகள் வழியாகச் சூப்பர்வைசரின் ஷூவில் ஒழுகியது. அவர் காலை நகர்த்தவே இல்லை.

நர்சரிக்காரர் இன்னொரு குவளை ஊற்றினார். அதுவும் இறங்கியது.

“மாசாமாசம் எவ்வளவு தர முடியும் அக்கா?”

“ஊரு எவ்வளவு திங்குதோ, அவ்வளவு!”

அவர் சிரித்துக்கொண்டே மூட்டைகளை இறக்கச் சொன்னார். சித்தி கையை நீட்டித் தடுத்தார்.

“ஒரு பையப் பாத்துட்டு எல்லாத்தையும் வாங்கிடுவீங்களா? ஒவ்வொரு மூட்டையா அவுத்து, கைய விட்டுப் பாருங்க. கையுறை வேண்டாம். சும்மாவே விடுங்க.”

அவர் முழங்கை வரை கையை விட்டார்.