மாமாவும் நூறு கிராமும்

சைக்கிளில் கழற்றிய திருகாணியைத் தராசில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்க்கிறார் மாமா. அக்கா மாவு அளக்கிற தராசு அது. எண் அவருக்குப் பிடிக்கவில்லை. திருகாணியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போகிறார், நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டு வருகிறார், மறுபடி நிறுக்கிறார். அவர் முகம் மலர்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா என் அக்காவின் கணவர். பல்செட் செய்வது தொழில்; முன்னறைதான் பட்டறை. பல்லை ராவுகிற கருவியைக் கொண்டே சைக்கிளின் பிரேக் பிடியில் வரிசையாகத் துளை போட்டிருக்கிறார். சீட்டின் மெத்தையை உரித்துவிட்டார். மணி போன இடம் தெரியவில்லை. "ஸ்டிக்கரைக்கூடச் சுரண்டிட்டேன் மச்சான், காத்து மாதிரி போகும்" என்று என்னிடம் பெருமை வேறு.

அதையெல்லாம் கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம். கியரில் கை வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெடலோடு இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். சின்னது மேடு ஏறுவதற்கு. அது வீண் சுமையாம், கழற்றிப் போட்டார். பின்சக்கரத்தில் பல் அதிகமுள்ள பெரிய சக்கரம் இருந்தால் மேட்டில் கால் லேசாகச் சுற்றும். அதையும் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து மாட்டினார். ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவர் தன் சைக்கிளில் மட்டும் பல்லைப் பிடுங்குகிறார். மேட்டில் அவர் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் முழங்காலில் போய்த்தான் இறங்குகிறது.

வலது முழங்கால் பன் மாதிரி வீங்கியது. "இன்னொரு தடவை வீங்கினா ஆபரேஷன்தான். அப்புறம் சைக்கிளை மறந்துடுங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்கா அன்றே கடைக்குப் போய், கடைக்காரரிடம் கேட்டுப் பெரிய பல்சக்கரம் வாங்கி வந்தாள். மாமா அதை நிறுத்துப் பார்த்தார்.

"நூறு கிராம் ஏறுதேம்மா."

"அதை உங்க தொப்பையில குறைச்சுக்குங்க."

"தொப்பை நம்மளோடது. சைக்கிள் என்ன பாவம் பண்ணுச்சு?"

இந்த ஆளிடம் என்ன பேசுவது? டீயில் தோய்த்துத் தின்கிற பிஸ்கட்டே நூறு கிராமுக்கு மேல் வரும். அதை ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. அக்கா வாங்கி வந்த சக்கரம் பிரித்த அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போனது. ஐஸ் ஒத்தடம் மட்டும் அக்கா கையால் நன்றாக வைத்துக்கொள்வார்.

போன ஞாயிறு அவருடைய சைக்கிள் குழு குன்றுச் சாலையில் ஏறியது. மனசு கேட்காமல் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் போனாள். பாதி மேட்டில், அவரைவிட மூத்தவர்கள்கூடக் காலை விறுவிறுவென்று சுற்றிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். மாமா எழுந்து நின்று மிதித்தார். பெடல் நகர மறுத்தது. பெடலோடு பூட்டிக்கொள்கிற காலணி வேறு. காலை விடுவிப்பதற்குள் மெதுவாகச் சாய்ந்து, அதே வலது முழங்கால் தரையில் மோத விழுந்து, மல்லாந்தார்.

அக்கா ஓடினாள். நடுச்சாலையில் கிடந்த மாமா, தார் உரசிவிடாமல் சைக்கிளை இரண்டு கைகளாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தார். முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"கையைக் குடுங்க" என்று அக்கா குனிந்து கையை நீட்டினாள்.

அந்தக் கையில் அவர் சைக்கிளைக் கொடுத்தார்.