ஆசிப் குனியாமல் இருக்கப் பழகியது

முகமது ஆசிப்புக்கு நின்று சண்டை போடத் தெரியும். தரையில் கிடந்து சண்டை போடத் தெரியாது. கிக் பாக்சிங் கற்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. அவன் இடது காலால் உதைத்தால் ஆனையூர் பயிற்சிக்கூடத்தில் தொங்கும் மணல் மூட்டை சுவரில் முட்டிவிட்டுத் திரும்பும். ஆனால் எதிராளி அந்த உதைக்குக் காத்து நிற்காமல், தலையைத் தாழ்த்திப் பாய்ந்து தொடைகளைக் கட்டிப்பிடித்துவிட்டால், அதன் பிறகு ஆசிப் ஒரு பாய்தான். சுருட்டலாம், விரிக்கலாம், மேலே உட்காரலாம்.

காரணம் அவன் தொழில். காஜிமார் தெருவில் பிறந்த ஆசிப், பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் பயிற்சி எடுத்தான். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உட்காரவைத்து, நடக்கவைக்கிற வேலை. அந்த வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதிரில் யாராவது சரிந்தால், யோசிப்பதற்கு முன்பே இரண்டு கைகளும் தாங்கப் போய்விடும். குஸ்திக்காரன் காலை நோக்கிப் பாயும்போதும் ஆசிப்பின் உடம்பு அதையேதான் செய்தது. கை நீளும். கையோடு இடுப்பும் வளையும். அவ்வளவுதான்.

எல்லாவித அடிபிடியும் செல்லும் கலப்புச் சண்டைப் போட்டியில், வண்டியூர் பாண்டியராஜனிடம் இரண்டு முறை இப்படித் தோற்றான். பாண்டியராஜன் தண்ணீர் லாரி ஓட்டுபவன், குஸ்தியில் ஊறியவன். முதல் முறை நாற்பது விநாடி. இரண்டாம் முறை ஒரு நிமிடமும், விலா எலும்பில் ஒரு விரிசலும். பத்து நாள் ஆசிப்பை அவன் மனைவி ஹுமாதான் தூக்கி உட்காரவைத்தாள்.

“ஊரையே தூக்கிவிடுற ஆளை நான் தூக்கிக்கிட்டு இருக்கேன்” என்றாள். “மூணாவது தடவை போறதுன்னா போங்க, வேணாங்கல. வந்ததும் இந்தத் தரையில உக்காரணும். எதையும் புடிக்காம எந்திரிக்கணும். முடியலைன்னா கிளவுஸை பழைய இரும்புக் கடையில போட்டுருவேன்.”

“இரும்புக் கடையில அதெல்லாம் எடுக்க மாட்டாங்க, ஹுமா.”

“சும்மா குடுத்தா எடுப்பாங்க.”

சொன்னால் செய்கிற பெண். ஆசிப்புக்குக் கவலை வந்தது. பயிற்சியாளர் பேயாண்டியிடம் போனான். அவரிடம் இருந்தது ஒரே ஆலோசனை: “குனியாத மாப்ள.” ஆசிப் சரியென்று தலையாட்டினான். மறுநாள் பயிற்சியிலும் குனிந்தான்.

வழி கிடைத்தது மகால் பக்கம் ஹரிராம் வீட்டில். சுங்குடிச் சேலை வியாபாரி ஹரிராமுக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. எடை ஐம்பத்தெட்டு கிலோ. குளிக்காமல் காப்பி குடிக்கக் கூடாது என்பது அவர் மனைவி சுந்தரவல்லி வைத்த வழக்கம். காப்பி குடிக்காமல் குளிக்க முடியாது என்பது ஹரிராமின் கட்சி. அதனால் தினமும் காலையில் ஒரு போராட்டம் நடக்கும்.

அன்றும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரை ஆசிப் குனிந்து தூக்கப் போனான். ஹரிராம் இடுப்பைச் சுவர்ப் பக்கம் பின்னுக்கு எறிந்தார். நெஞ்சை ஆசிப்பின் கழுத்தின் மேல் போட்டார். வேலை செய்கிற ஒரே கையை அவன் அக்குளுக்குள் செருகினார். எண்பது கிலோ ஆட்களைத் தூக்குகிற ஆசிப்பால் அசைய முடியவில்லை.

“அண்ணே, கையை எடுங்க.”

“காப்பி.”

“குளிச்சாத்தான் காப்பின்னு சுந்தரவல்லி அக்கா சொல்லிருச்சு.”

“அப்ப நீ போய்க் குளி.”

ஹரிராமின் நெஞ்சுக்கு அடியில் தலை மாட்டிய நிலையில் ஆசிப் யோசித்தான். யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. பாய்கிறவன் நான், தடுக்கிறவர் இவர். இவர் குனியவில்லை. இடுப்பு பின்னால் போகிறது, எடை என் கழுத்தில் இறங்குகிறது, கை என் முதுகுக்கு மேலே போகாமல் அக்குளுக்குள்ளே வருகிறது.

அதன் பிறகு மூன்று வாரம் அவன் வேண்டுமென்றே குனிந்தான். தினமும் காலையில் மூன்று தடவை மாட்டிக்கொண்டு, அவர் செய்ததை மாலையில் பயிற்சிக்கூடத்தில் செய்து பார்த்தான்.

“என்னப்பா, நாளுக்கு நாள் உனக்குத் தெம்பு குறையுது” என்றார் ஹரிராம். அவருக்கு உடம்பு தேறிவருவதாக வீட்டில் பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

போட்டி ஞாயிறு மதியம். மணி அடித்ததும் பாண்டியராஜன் பாய்ந்தான். ஆசிப் கால்களைப் பின்னுக்கு எறிந்து, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் கழுத்தின் மேல் நெஞ்சை இறக்கி, அக்குளுக்குள் கையைச் செருகினான். பிறகு எழுந்து நான்கடி தள்ளி நின்றுகொண்டான். தரைக்குப் பின்தொடர்ந்து போகவில்லை. பாண்டியராஜன் எழுந்ததும் தொடையில் உதைத்தான். முதல் இரண்டு ரவுண்டும் இதேதான். பாண்டியராஜனின் தொடை செங்கல் நிறத்துக்கு வந்தது.

“யார்ட்ட கத்துக்கிட்ட மாப்ள?” என்று மூச்சிரைக்கக் கேட்டான் பாண்டியராஜன்.

“ஒரு பேஷன்ட்டுகிட்ட.”

மூன்றாவது ரவுண்டு முடிய இருபது விநாடி. பாண்டியராஜன் தொடை மரத்துப்போய், ஒற்றை முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். எழ முயன்றான், முடியவில்லை. ஆசிப் தள்ளி நின்றிருக்க வேண்டும். பக்கத்தில் போனான்.

“பதறாதீங்கண்ணே, என் கையைப் புடிச்சுக்கங்க.”

பாண்டியராஜன் பதறவில்லை. கையைப் பிடித்தான். அடுத்த கணம் ஆசிப்பின் முதுகு விரிப்பில் இருந்தது. பேயாண்டி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மேலே ஏறி உட்கார பாண்டியராஜன் வந்துகொண்டிருந்தான். ஆசிப்பின் வாய், தினமும் இருபது தடவை சொல்வதைத் தானாகச் சொன்னது: “மல்லாக்கக் கிடக்காதீங்க. ஒருக்களிங்க. முழங்கையை ஊனுங்க. இன்னொரு கையால தள்ளுங்க. இடுப்பை வெளிய எடுங்க. இப்ப எந்திரிங்க.”

நோயாளிகளிடம் பேசும் மரியாதை மாறாமல் சொல்லி, சொன்னதைத் தானே கேட்டு, எழுந்து நின்றான். மணி அடித்தது. மூன்று நடுவர்களில் இருவர் ஆசிப் பக்கம்.

ஜெயித்த செய்தியை ஹுமா ஒரு தலையசைப்போடு கேட்டுக்கொண்டாள். பிறகு தரையைக் காட்டினாள். ஆசிப் உட்கார்ந்தான்.

“சுவரைத் தொடக் கூடாது.”

ஒருக்களித்தான். முழங்கையை ஊன்றினான். பழைய விலா எலும்பு ஏதோ சொன்னது. அவன் பதில் சொல்லவில்லை. முழங்கால் சொடக்கு விட்டது. எழுந்தான். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளக் கொஞ்சம் பாடுபட்டான்.

ஹுமா கையுறைகளை எடுத்தாள்.

“எங்க கொண்டு போற?”

“மாடிக்கு. நாறுது. வெயில்ல காயட்டும்.”