மேம்பாலத்தில் நின்ற கரண்ட் ஃபேன்

வனஜாவுக்கு மற்ற டிரைவர்களைப் போல நிம்மதியாக ரோட்டைப் பார்த்து ஓட்டக் கொடுத்துவைக்கவில்லை. ஒரு கண் ரோட்டில் இருந்தால் இன்னொரு கண் டெம்பரேச்சர் முள்ளில். பொம்மனஹள்ளியிலிருந்து பீன்யாவில் உள்ள ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரிக்குத் தினமும் பதினோரு பெண்களை ஏற்றிப்போகும் அந்தப் பழைய வேன், ஓடும்போது தங்கம். டிராஃபிக்கில் நின்றால் கொதித்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை ஆவி கக்கிக்கொண்டு நடுரோட்டில் படுத்திருக்கிறது.

இரண்டாம் தடவை, ஃபாக்டரியில் வண்டிகளுக்குப் பொறுப்பான பிரகாஷ் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இன்னொரு வாட்டி லேட்டானா வேற வண்டி பாத்துக்கறோம், வனஜா. உங்க பழைய மெஷின் காலியாத்தான் இருக்கு. வந்துடுங்க."

அந்த மெஷின்! அதே ஃபாக்டரியில் ஒன்பது வருஷம் காலர் தைத்தவள் அவள். காலை ஒன்பதுக்குக் கேட்டைச் சாத்தினால் சாத்தினதுதான். பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசர் முகம் பார்க்க வேண்டும். அங்கிருந்து தப்பிக்கத்தான் லைசென்ஸ் எடுத்தாள், வேன் வாங்கினாள். தப்பித்து எங்கே வந்தாள்? முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி, நடுவில் இவள். இதுவும் ஜெயில்தானே என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், அடிக்கவே வருவாள்.

மெக்கானிக் ரங்காதான் வழி சொன்னான்.

"ரேடியேட்டர ஆத்துற இந்த ஃபேன் இஞ்சின் பெல்ட்ல சுத்துது அக்கா. டிராஃபிக்ல இஞ்சின் மெல்ல ஓடுனா இதுவும் தூங்குது. காத்து வேண்டியதே அப்பதானே? கழட்டிட்டு கரண்ட் ஃபேன் போட்டுடலாம். சூடு ஏறினா தானா சுத்தும். சாவிய ஆஃப் பண்ணாலும் சுத்தும், கைய மட்டும் உள்ள விட்றாதீங்க."

ரேடியேட்டருக்குப் பின்பக்கம் இடம் போதவில்லை. புது ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லை ஒட்டி மாட்டினான். ஒரு மாதம் முள் பாதியைத் தாண்டவில்லை. வனஜா வண்டியில் பாட்டுக்கூடப் போட ஆரம்பித்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பதினோரு பேரும் சேர்ந்து வேனைக் கல்யாணப் பெண்ணாக்கிவிட்டார்கள். சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கிரில் முழுக்க நாலு சுற்று சாமந்தி மாலை. கட்டிய மாலையை நாமாகக் கழற்றக் கூடாது, வாடித் தானாக உதிர வேண்டும் என்பது இவர்கள் சட்டம். பழைய ஃபேன் இருந்தது ரேடியேட்டருக்குப் பின்னால், அதனால் எந்த வருஷமும் மாலையால் வம்பு வந்ததில்லை.

லீவு முடிந்த முதல் நாள் காலை எட்டு இருபதுக்கு, யஷ்வந்த்பூர் மேம்பாலத்தில் எல்லா வண்டியும் நின்றது. முள் ஏறியது. ஃபேன் சத்தத்தையே காணோம். ஓரம் கட்ட ஓரமில்லை, திரும்ப வழியில்லை. வனஜா இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி பானட்டைத் திறந்தாள். கிரில் வழியாக உள்ளே இழுபட்ட மாலை, பூ போய் வெறும் நூலாக ஃபேனை இறுக்கியிருந்தது. ஃபியூஸும் போயிருந்தது.

"சாமிக்குப் போட்ட மாலைய வெட்டறதா?" என்று வேன் ஜன்னலில் எட்டிப் பார்த்து இழுத்தாள் ஷில்பா.

"சாமி கோவிச்சுக்காது. பிரகாஷ் கோவிச்சுக்குவாரு!" என்றாள் வனஜா.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தைத்த துணியில் பிசிர் வெட்டுவதுதான் தாரணிக்கு வேலை. பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள். வனஜா ஹீட்டர் ஃபியூஸைப் பிடுங்கினாள், ஃபேனுடையதும் அதே அளவுதான். அதைச் செருகப்போன சமயத்தில்தான் ரங்கா சொன்னது உறைத்தது. இஞ்சின் கொதிக்கிறது. ஃபியூஸ் போட்டதும் ஃபேன் சுற்றும். தாரணியின் விரல்கள் இன்னும் உள்ளே.

"எல்லாரும் கையத் தூக்குங்கடி!"

தாரணி கடைசி நூலையும் உருவிக்கொண்டு கையை எடுத்தாள். மேம்பாலத்தில் பதினோரு பெண்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "ஏன்ரீ இது?" என்று, என்ன கூத்து இதென்று கன்னடத்தில் கேட்டபடி தலையை நீட்டினார். வனஜா ஒவ்வொரு ஜோடிக் கையாக எண்ணிவிட்டு ஃபியூஸைச் செருகினாள். ஃபேன் இரைந்துகொண்டு சுற்றியது. சற்றுப் பொறுத்து இஞ்சினைக் கிளப்பினாள். முள் ஆற அமர இறங்கியது.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு வேன் ஃபாக்டரி வாசலில் நின்றது. பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள். பிரகாஷ் வாட்ச்சைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், உள்ளே போனார். காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்போட்டார்.

அந்தச் சத்தத்துக்கு வனஜாவின் முதுகு பழக்கத்தில் விறைத்துக்கொண்டது. தான் இருப்பது கேட்டுக்கு வெளியே என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.