மீன் வயிற்றில் மூன்று நாள்

அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று, அந்தக் கல்யாணத்தை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று கொஞ்ச நேரம் நடுங்கிப்போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அவர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போய்வந்தார். அவருடைய தங்கையான அத்தை, பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். முப்பது வயதாகியும் வரன் எதுவும் குதிரவில்லை. வேதாகமக் கதைகளெல்லாம் நடந்த சரித்திரம் என்று அவள் ஒத்துக்கொள்ளாததால்தான் முந்தைய இரண்டு இடமும் தட்டிப்போயின என்பாள் அம்மா. அதனால் அன்றைக்கு மட்டும் வேதத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று அத்தையிடம் கெஞ்சி வாக்கு வாங்கியிருந்தாள். என்னிடம் வாங்க மறந்துவிட்டாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா கேசரித் தட்டோடு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சண்டே ஸ்கூல் போறியா பாப்பா? யோனா மீன் வயித்துல எத்தினி நாள் இருந்தாரு?"

"மூணு நாள்." அதோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டிக்காரி என்று பேர் வாங்கும் ஆசையில், "ஆனா அது நிஜமா நடக்கலையாம். மீன் வயித்து ஆசிட்ல ஒரு நாள்கூடத் தாங்க முடியாதுன்னு அத்தை சொல்லிச்சு" என்றேன்.

அந்த அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். அத்தையைத் திரும்பிப் பார்த்து, "அப்பிடியாம்மா?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அத்தை சொல்லவில்லை. "ரொம்பப் பிடிச்ச கதைங்க. எதிரிக்கும் இரக்கம் காட்டணும்னு சொல்லுது. ஆனா நடந்துச்சான்னு கேட்டா, இல்லைன்னுதான் தோணுது. யோனா போய்ச் சேர்ந்த எதிரி ஊரு நினிவேயைக் கடக்கவே மூணு நாள் ஆகும்னு எழுதியிருக்கு. தோண்டிப் பார்த்ததுல அவ்வளவு பெரிய ஊர் கிடைக்கலீங்க."

நிலைமையைச் சமாளிக்க வேண்டிய அப்பாவுக்கோ அதைக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. "தோண்டினவனுக்குக் கிடைக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? நான் இருவது வருஷம் ஷாஃப்ட்ல இறங்கினவன். ஒரு முழம் தள்ளித் தங்கம் இருந்தது தெரியாமயே திரும்பியிருக்கோம்."

"அதுக்காக, தோண்டாத இடத்துல எல்லாம் தங்கம் கீதுன்னு சொல்ல முடியுமா மச்சான்?" என்றார், அதுவரை அப்பாவை சார் என்றே அழைத்துவந்த மாப்பிள்ளை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள், ஜெபம்தான்.

மாப்பிள்ளையின் அம்மா பெருமூச்சு விட்டார். "யோனா மீன் வயித்துல இருந்தாருன்னுதான் நான் நம்புறேன். சாகுற வரைக்கும் நம்புவேன்." பிறகு அத்தையிடம், "சர்ச்சுக்கு வருவியா?" என்று கேட்டார்.

"வாரம் தவறாம வருவேங்க."

"போதும். இப்பிடி ஒண்ணை ஏற்கெனவே வூட்ல வெச்சிக்கினு கீறேன். ரெண்டாச்சுன்னா அதுங்களே பேசிக்கட்டும், என்னை வுட்டுடும்." சிரித்துக்கொண்டே கேசரியை எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர்கள் போனதும் சமையலறையை எட்டிப் பார்த்தேன். அத்தை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போலும் என்று பயந்து, அப்பாவிடம் சொல்ல வாசலுக்கு ஓடினேன். அவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாதத்தில் தோற்றுவிட்ட வருத்தம் என்றுதான் நான் நினைத்தேன்.