நல்ல காரியத்துக்கு ஆகாத வண்டி

பழைய வண்டி வாங்கியவனிடம் ஊர் இரண்டே கேள்விகள்தான் கேட்கும். ‘எவ்வளவுக்கு முடிஞ்சுச்சு?’ என்பது முதல் வாரம். ‘இப்ப என்ன வேலை வச்சிருக்கு?’ என்பது அதற்குப் பிறகு ஆயுசுக்கும்.

புதுக்கோட்டையில் பார்த்துவந்த துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, பழைய டீசல் எஸ்யூவி ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினேன். எங்கள் பக்கம் வாடகை வண்டிக்குச் சோறு போடுவது நல்ல காரியங்கள்தான். பெண் பார்க்க, நிச்சயம் பண்ண, காது குத்த, வெளிநாட்டிலிருந்து வருகிறவரைத் திருச்சி ஏர்போர்ட்டில் போய் அழைத்துவர. ஒரு வீட்டுக்கு நல்லபடியாகப் போய்வந்தால் அந்த வீட்டுச் சொந்தபந்தமெல்லாம் கூப்பிடும். அதை நம்பித்தான் இறங்கினேன்.

வெளியே வண்டி பளபளவென்றுதான் இருந்தது. முதலில் கிளட்ச் போனது. செட்டாக மாற்றியதில் கூலியோடு பதினெட்டாயிரம். அடுத்து சஸ்பென்ஷன் புஷ். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடக் கடக்கென்று சத்தம். பின்சீட்டில் வந்த ஒரு பெரியம்மா, “ஏந்தம்பி, அடியில யாரும் ஒரல்ல நெல்லு குத்துறாங்களா?” என்று கேட்டார். அதைச் சரிசெய்து மூச்சு விடுவதற்குள் இன்ஜெக்டர் கெட்டு வண்டி கறுப்புப் புகை தள்ள ஆரம்பித்தது. எனக்கு வாய்த்த மெக்கானிக் தங்கமான மனிதர். எதைக் கேட்டாலும் “கழட்டிப் பாத்தாத்தாண்ணே தெரியும்” என்பார். கழற்றிய பிறகு கேட்டால், “கழட்டாம விட்டுருக்கலாம்ணே” என்பார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காசோடு போகிற கஷ்டம். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனபோதுதான் வேறு மாதிரி ஆகிவிட்டது.

பெண் வீடு கொடும்பாளூர்ப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா முன்சீட்டில், மடியில் பூவும் பழமும் சேலையுமாகத் தாம்பாளத்தட்டு. பின்னால் சொந்தக்காரர்கள். இலுப்பூர் தாண்டியதும் ஹீட் முள் மேலே ஏறியது. ஏசியை நிறுத்திப் பார்த்தேன், மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது.

“அண்ணே, உள்ள இட்லி ஊத்தி வச்சிருக்கீங்களா?” என்றார் மாப்பிள்ளையின் மாமன்.

ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினேன். குடிக்க வைத்திருந்த பாட்டிலெல்லாம் காலி. ஒரு பெண் பன்னீர்ப் பாட்டிலை நீட்டி, “இதையும் ஊத்துங்கண்ணே, வண்டிக்கும் நிச்சயம் பண்ணிருவோம்” என்றது. எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையின் அம்மாவைத் தவிர. அவர் தட்டோடு இறங்கி ரோட்டோரம் நின்றார். சீர்த்தட்டை மண்ணில் வைக்கக் கூடாது. நின்றுபோன வண்டியில் திரும்ப வைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. மாற்று வண்டி வரும்வரை வெயிலில் அதை ஏந்தியபடியே நின்றார். போகிற பஸ்ஸெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பிரித்தோம். ரேடியேட்டர் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி உப்பு. எனக்கு விற்றவர் கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். சூட்டில் இன்ஜினின் ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. திருச்சிக்கு அனுப்பி லேத்தில் சமன்செய்து, ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் புதிதாகப் போட்டதில் நாற்பத்தைந்தாயிரம். அதற்குப் பிறகு அந்த முள் பாதிக்கு மேல் ஏறியதே இல்லை.

அந்தக் கல்யாணமும் நன்றாகவே நடந்தது. குழந்தைகூடப் பிறந்துவிட்டது. ஆனால் ‘தட்டை ரோட்டில் நிறுத்திய வண்டி’ என்ற பேச்சு மட்டும் போகவில்லை. யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். “அந்தத் தேதிக்கு வேற வண்டி சொல்லிட்டோமுங்களே” என்பார்கள். அதே வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் எனக்குத்தான் போன் வரும். “நீங்கதான் அலுங்காமக் கூட்டிப் போவீங்க.” ஆஸ்பத்திரிக்குப் போக, வர, துக்கத்துக்குப் போக. மூக்கில் டியூபோடு வருகிறவரிடம் என்ன பேரம் பேசுவது? டீசல் காசை மட்டும் வாங்கிக்கொண்டு வந்த நாட்களே அதிகம்.

ஆவூரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர். முட்டிவலிக்கு அவரை மாதாமாதம் திருச்சிக்கு அழைத்துப்போவேன். அவருக்கு இந்தப் பேச்சு சிரிப்பாக இருந்தது. “வண்டிக்கு என்ன தம்பி ராசி? எங்க பொண்ணு நிச்சயத்துக்கு நீங்கதான் வாரீங்க” என்றார். அன்று நான் வண்டிக்குப் புது சீட் கவர் போட்டேன். மறுவாரம் போனில் அவர் குரல் தயங்கியது. “நான் நம்பலப்பா. சம்பந்தி வீட்டுல...” அதற்கு மேல் அவரைப் பேசவைக்க எனக்கு மனமில்லை. “அதனால என்னங்க டீச்சர்” என்று வைத்துவிட்டேன்.

விற்றுவிடலாம் என்று புரோக்கரைக் கூப்பிட்டேன். சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். “இஞ்சின் அருமையா இருக்குண்ணே. ஆனா நம்ம ஏரியாவுல போவாது” என்றார். வெளியூர் ஆளுக்குத் தள்ளலாம் என்று அவர் சொன்ன விலை, ஹெட்டுக்கும் கிளட்சுக்கும் செலவழித்ததைத் தாண்டவில்லை.

போன தை மாதம் என் மகளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். மனைவி இரண்டு நாள் எதையோ சொல்ல வந்து சொல்லாமலே போனாள். மூன்றாம் நாள், “எனக்கு ஒண்ணுமில்லைங்க. அங்கிட்டு யாராச்சும் கேட்டுட்டா?” என்றாள்.

“கீரனூர் வண்டி ஒண்ணு சொல்லிட்டேன்” என்றேன். முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

கிளம்புகிற நாள் காலையில் அந்த வண்டி வருவதற்குள் என் வண்டியைப் பின்தெருவில் கொண்டுபோய் நிறுத்தினேன். வழியெல்லாம் அதில் ஒரு சத்தமில்லை.

வந்த டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “என்னண்ணே, ஒங்ககிட்டயே பெரிய வண்டி இருக்குமே?”

“ஒர்க்‌ஷாப்புல நிக்குதுப்பா.”

“பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே. ஏறுங்க.”

மனைவி தட்டோடு முன்சீட்டில் ஏறினாள். நான் கடைசி சீட்டில் குனிந்து நுழைந்து உட்கார்ந்தேன்.