கிளாங்கில் விழாத கியர்

கிளாங் நகரில் ஒரு சாலையோரப் பட்டறையில் நிற்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பன் சேகரிடம் இரவல் வாங்கிய கார், பாதி வழியில் மக்கர் செய்துவிட்டது. கிளட்சை எவ்வளவு மிதித்தாலும் கியர் கரகரவென்று கத்துகிறது, விழ மாட்டேன் என்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கேரித் தீவில் அக்கா மகளுக்கு நிச்சயம். தாய்மாமன் நான் போகாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். ஓட்டை வண்டியை என் தலையில் கட்டிவிட்டாயே என்று சேகரைக் கிழித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெயைப் பார்க்கிறார். குறையவில்லை. பிறகு டிரைவர் பக்கம் குனிந்து பெடலைக் கையால் அழுத்துகிறார்.

“இந்தக் கார்ப்பெட் எப்பண்ணே போட்டீங்க?”

“காலைல. அவன் கார்ல சேறாகக் கூடாதுன்னு நான்தான் வாங்குனேன்.”

“பழசு மேலயே போட்டா வழுக்கும் லா. பெடலுக்கு அடியில சுருண்டு கிடக்கு. பெடல் முழுசா இறங்கலன்னா கியர் எப்படி விழும்?”

விரிப்பை உருவி என் கையில் கொடுக்கிறார். கியர் சத்தமில்லாமல் விழுகிறது.

குரல் பதிவை அழிக்கலாம் என்று போனை எடுக்கிறேன். சேகர் கேட்டுவிட்டான். பதிலும் வந்திருக்கிறது.

“வண்டிய அங்கயே விடு மச்சா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பதிலுக்குத் திட்டியிருந்தால் தேவலை.