நூல் பிடித்து எடுத்த அறை

1968ஆம் ஆண்டு ஜூன் 12, புதன்கிழமை, விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, தூறல் மட்டும் மிச்சம் இருந்தது. சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு லாட்ஜின் மாடிப் படிகளில் என் மனைவியின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தேன். படிகள் பத்தொன்பது. முந்தின நாள் மாலை ஏறும்போதே எண்ணி வைத்திருந்தேன்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன் நான். இழை எண்ணியே வயிறு வளர்த்ததால் எதைக் கண்டாலும் எண்ணத் தோன்றும். அவளுக்கு இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணிலும் புரை மூடிக்கொண்டு, எதிரில் நிற்கும் ஆள் நிழலாகத்தான் தெரிந்தார். சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் மாதத்தில் ஒரு புதன்கிழமைதான் வெளியூர்க்காரர்களைப் பார்ப்பார். காலை ஆறரைக்கு டோக்கன், நாற்பது பேருக்கு மட்டும். அன்று தவறினால் அடுத்த மாதம்தான். அதுவரை அந்தக் கண் தாங்குமா என்பது சந்தேகம் என்று எங்கள் ஊர் டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே முந்தின நாளே போய் ஓர் இரவு தங்க வேண்டும். எங்கே தங்குவது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாரா வாரம் புடவை மூட்டையோடு சென்னை போய் வரும் பக்கத்து வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரி வாசல்லயே ரூம் கிடைக்குது நைனா. எட்டு ரூபா. யோசிக்காதே" என்றார். கண் மூடித் திறப்பதற்குள் விடியப்போகும் ஒரு ராத்திரிக்கு எட்டு ரூபாயா?

கடைத்தெருவில் சென்னை வரைபடம் ஒன்று வாங்கி, தறிக்குப் பக்கத்தில் விரித்துவைத்தேன். சிந்தாதிரிப்பேட்டை அந்தக் காலத்தில் நெசவாளர்களுக்காகவே ஏற்பட்ட பேட்டை என்று எங்கோ படித்திருந்தேன். எங்கள் தெருக்களைப் போலப் பாவு நூல் விரிக்கத் தோதாக நீளமாக இருக்கும் என்று அதன் மேல் ஓர் ஆசை. அறையும் ஐந்து ரூபாய்தான். லாட்ஜ் இருந்த இடத்தில் பட்டு நூலின் ஒரு முனையை வைத்து, மறு முனையை ஆஸ்பத்திரி வரை இழுத்துப் பிடித்தேன். நூல் தொய்ந்தால் நெய்கிறவனுக்குப் பொறுக்காது. முறுக்காக இழுத்து, அளவுகோலில் வைத்துக் கணக்குப் போட்டதில் ஆயிரத்து நானூறு அடி எடுத்து வைத்தால் போதும் என்று வந்தது. அவளோடு மெல்ல நடந்தாலும் இருபது நிமிடம்.

நடந்தோம். ஆயிரத்தைத் தாண்டியபோது அவள் கேட்டாள்: "ஏங்க, தண்ணி நாத்தம் அடிக்குதே. கிட்ட ஆறு எதனா இருக்குதா?"

"மழை ஈரம். பேசாம வா" என்றேன்.

அடுத்த திருப்பத்தில் தெரு முடிந்துபோயிற்று. முன்னால் கூவம். மறு கரையில் ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தது. வாசலில் வரிசையும் தெரிந்தது. எண்ணக்கூட எண்ணினேன், இருபத்தாறு தலைகள். நடுவில் பாலம் இல்லை. வரைபடத்தில் நீலமாக ஒரு கோடு இருந்ததும், நூலையே பார்த்த நான் அது நூலுக்குக் குறுக்கே ஓடியதைக் கவனிக்காததும் அப்போதுதான் உறைத்தது. கண் தெரியாதவளுக்குப் பட்ட ஆறு, இரண்டு கண்ணும் நன்றாக இருந்த எனக்குப் படவில்லை.

"இன்னா பெரிசு, ஆத்து மேல நடந்தே போயிடலாம்னு பாக்கறியா?"

திரும்பினால் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. கேட்டது, அதில் மல்லிகைக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பூக்கார அம்மாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பாலம் அந்தாண்ட கீது. அம்மாவ இட்டுக்கினு நீ சுத்திப் போனா முக்கா மணி ஆவும்." சொல்லிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார். "ஏறு யம்மா. கூடைய மடியில வச்சுக்க."

"மார்க்கெட்டு, அக்கா? பூவு?" என்று ரிக்‌ஷாக்காரர் இழுத்தார்.

"மழையில நனைஞ்ச பூவுக்கு எவன் வெல குடுக்கப் போறான்? ஆஸ்பத்திரிக்கு வுடுடா."

மூன்று பேருக்கு இடமில்லை. நான் பின்னால் ஓடினேன். எத்தனை அடி ஓடினேன் என்று தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது. வாசலில் அவள் நின்றிருந்தாள். கையில் டோக்கன் முப்பத்தெட்டு. பக்கத்தில் இடுப்பில் கூடையோடு அந்த அம்மாள், வரிசையில் கூடவே நின்று வாங்கிக் கொடுத்துவிட்டு, என் தலை தெரிவதற்காகக் காத்திருந்தார்.

ரிக்‌ஷாக்காரருக்கு ஒரு ரூபாய் கொடுத்தேன். அந்த அம்மாளிடமும் ஒரு ரூபாயை நீட்டினேன். "நான் பூ விக்கறவ, பெரிசு. வேணும்னா பூ வாங்கு" என்றார். ஒரு முழம் கேட்டேன். கையை நீட்டி, தளர்த்தி அளந்து கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பூவைத் தடவிப் பார்த்த என் மனைவி, "ஏங்க, இது முழமா? ஒன்றரை முழம் இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பூ நனையவே இல்லீங்க. மேல வாழை எலை போட்டு மூடியிருந்தாங்க. மடியில வச்சிருந்தனே, ஒரு சொட்டு ஈரம் இல்ல" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. அந்தத் தடவை ஆஸ்பத்திரி வாசலிலேயே எட்டு ரூபாய் அறை எடுத்தேன். "இந்த ரூம்ல ஆறு குறுக்க வராது நைனா" என்று பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார். அந்த அம்மாளைத் தேடி ஆற்றங்கரைக்கு மூன்று காலை போனேன், கிடைக்கவில்லை. எனக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. தொலைந்த என் மூக்குக்கண்ணாடியை என் மனைவிதான் தேடிக் கொடுக்கிறாள்.

இழுத்துப் பிடித்து அளந்தால்தான் அளவு சரியாக இருக்கும் என்று நம்பி வந்தவன் நான். தளர்த்தி அளந்த அந்தக் கையை நினைக்காமல் இன்றும் என்னால் நூலைத் தொட முடிவதில்லை. பஸ், அறை, சாப்பாடு, ரிக்‌ஷா, பூ எல்லாம் சேர்த்து அந்தப் பயணத்துக்கு ஆன செலவு பத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து பைசா. அதில் அந்த அம்மாள் வாங்கிக்கொண்டது பத்துப் பைசா.